ஒரு சாவியில் இருவர்

மின்சாரத்தைத் துண்டித்து ஒரு வாரமாகியும் சுரங்கத்தில் கழற்றி வைத்திருந்த பழைய இன்ஜெக்டர் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டதுபோல அவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னங்க, இதைத் தொட்டுப் பாருங்களேன். சுடுது."

கணவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. புரோட்டான்களை வேகமெடுக்க வைக்கும் முடுக்கியின் வாயில், அவற்றை உள்ளே செலுத்தும் புதிய இன்ஜெக்டரைப் பொருத்திவிட்டு, காற்றுக் கசிந்த இணைப்பை முறுக்கிக்கொண்டிருந்தான். "இருபது வருஷமா புரோட்டானத் துப்பிக்கிட்டு இருந்த கெழவி. ஒரு வாரத்துல ஆறிடுவாளா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விடுவதற்குள் போய் மகளைக் கூட்டிவர வேண்டும். போன வாரம் தாமதமாகிப்போய், வாசலில் தனியாக நின்ற பிள்ளை அழுத அழுகை இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அந்த அவசரத்தில்தான் செய்யக் கூடாததைச் செய்திருந்தாள். இந்தச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் கன்ட்ரோல் ரூம் பலகையிலிருந்து ஆளுக்கொரு சாவி எடுத்து வர வேண்டும். கற்றை பாய்கையில் உள்ளே ஆளிருந்தால் கதிர்வீச்சே கொன்றுவிடும் என்பதால், எல்லாச் சாவியும் திரும்ப மாட்டப்பட்டால்தான் புரோட்டான் கற்றையைக் கிளப்ப முடியும். அவள் தன் சாவியை எடுக்காமல், கணவனின் சாவியிலேயே ஒட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். கட்டியவன் என்ன, விட்டுவிட்டா போய்விடுவான் என்ற தைரியம்.

"கசிவு நின்னுடுச்சான்னு மேல கன்ட்ரோல் ரூம் மீட்டர்ல பாத்துட்டு வந்துடறேன், இரு," என்று அவன் எழுந்து போனான்.

பம்பின் ரீங்காரம், சூடேறிய வார்னிஷ் வாசனை, கேபிள் தட்டுகளின் நிழல் சுவர் நெடுகிலும் கம்பி கம்பியாக விழுந்து வளைவில் இருட்டோடு கலக்கிற இடம் என்று ஒவ்வொன்றாகக் கவனித்தபடி, கால் ஓரிடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தவளுக்கு, அவன் இரும்புப் படியேறும் சத்தம் கேட்டது. அவனுடைய கனத்த பூட்ஸ். அதற்குப் பின்னாலேயே, ஒட்டினாற்போல், இன்னொரு மெல்லிய காலடி.

சுரங்கத்தில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருமில்லை.

பழைய இன்ஜெக்டரை மறுபடி தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

வளைவைத் தாண்டி டார்ச் வெளிச்சம் வந்தது. கற்றை கிளம்பும் முன் உள்ளே ஆளிருக்கிறதா என்று பார்க்க வரும் காவல்காரர். அப்பாடா என்றிருந்தது.

"அண்ணே, நல்ல வேளை. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன், பூட்டிடாதீங்க."

வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கண் கூசியது. அப்படியே நகர்ந்து சுவருக்குப் போனது.

"யாரும் இல்ல. பூட்டிடலாம்," என்று வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே அவர் திரும்பிப் போனார்.

கத்தினாள். ஓடினாள். கனத்த கதவு முகத்துக்கு நேராக மூடிக்கொண்டது. விளக்குகள் மங்கின. சைரன் அலறத் தொடங்கியது. அது நின்றால் கற்றை பாய்ந்துவிட்டது என்று பொருள்.

கற்றையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மீண்டும் அழுத்தினாள். சைரன் நிற்கவில்லை. கன்ட்ரோல் ரூமுக்குப் பேசும் சுவர்த் தொலைபேசியைப் பிடுங்கி எடுத்தாள்.

"என்னங்க, நிறுத்துங்க. நான் உள்ள மாட்டிக்கிட்டேன்."

"யாரு பேசுறது?" கணவனின் குரல்தான்.

"நான்தாங்க. உங்க பொண்டாட்டி."

"யாருங்க நீங்க, வேலை நேரத்துல விளையாடிக்கிட்டு? என் பொண்டாட்டி என்கூடவே மேல வந்துட்டா. பக்கத்துலதான் நிக்கிறா."

அப்போது அவனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அவளுடைய குரல். அதே இழுப்பு. அதே அவசரம்.

"யாரோ எவரோ, விடுங்க. நீங்க கற்றையைக் கிளப்புங்க. பாப்பா வாசல்ல நிப்பா. நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

ரிசீவர் கைநழுவித் தொங்கியது. சுவரில் மோதி ஆடியது. கதவை அடித்தாள். நகம் பிய்ந்தது. மகளின் பெயரைச் சொல்லிக் கதறினாள்.

ரிசீவருக்குள் கணவன் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தான்.

"பாத்துப் போயிட்டு வா."

சைரன் நின்றது.