காதுக்குப் பின்னால் எண்ணெய்

14 ஆகஸ்ட் 2094

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். பிறந்து சில நாளே ஆன ஆண் குழந்தை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. குளிப்பாட்டும்போது தேய்த்த தேங்காயெண்ணெயைக் காதுக்குப் பின்னால் துடைக்காமலேயே, எலும்பு வழியே ஒலி அனுப்பிச் செவியைச் சோதிக்கும் அதிர்வியை வைத்துவிட்டேன். மாலை வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம்தான். அதிர்வி வழுக்கி எலும்பை விட்டு விலகியது. நெற்றியில் ஒட்டிய உணரிக்கு, ஒலிக்கு எழ வேண்டிய மூளையலை எதுவும் கிடைக்கவில்லை. திரையில் ‘தேறவில்லை’ என்று வந்தது.

தேறிய குழந்தைக்கு அன்றே இரண்டு காதுகளையும் அடைத்துவிடுவோம். பிறகு பேச்சு, பாடம், பாட்டு எல்லாம் காதுக்குப் பின்னால் ஒட்டும் எலும்பொலியன் வழியாகத்தான். இரைச்சல் உள்ளே நுழையாது. எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். தேறாத குழந்தையின் காது திறந்தே இருக்கும்.

தாய் மாரிச்செல்வி அழுதுவிட்டாள். “திறந்த காதோட இவன எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பாங்க?”

மேற்பார்வை செய்யும் ஜெபக்கனி சிஸ்டரிடம் எண்ணெயைப் பற்றிச் சொன்னேன்.

“வகுப்புல தூங்குனியாடி? சரி, இப்பவாவது சொன்னியே. நாளைக்கு மறுபடி வச்சுப் பாரு.”

அப்போது குழந்தை திடுக்கிட்டுக் கைகளை விரித்து அழத் தொடங்கியது. ஏனென்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஸ்டீல் தட்டு ஒன்று தரையில் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. என் முழங்கை பட்டிருக்க வேண்டும்.

“இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“காத்துல வர்றதெல்லாம் கேக்கும்மா. அதுக்குத்தானே அடைக்கிறோம்.”

மாரிச்செல்வி தட்டை எடுத்து விரலால் மெல்லத் தட்டினாள். குழந்தை அழுகையை நிறுத்திக் கண்களை அகலத் திறந்தது. மறுபடி தட்டினாள். அதன் வாயோரம் அசைந்தது.

“அது எப்படிக்கா இருக்கும்?” என்று என்னைக் கேட்டாள்.

செவித்திறன் சோதிப்பவள் நான். பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பாடத்தில் எங்காவது இருந்து, நான்தான் கவனிக்காமல் விட்டேனோ என்னவோ.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை மேசைமேல் வைத்தாள்.

“நாளைக்கு எப்ப வரணும்?”

நாளை: காலையில் மறுசோதனை. முதலில் எண்ணெயைத் துடைக்க வேண்டும். செவியடைப்பான் இரண்டு, மிகச் சிறிய அளவில், எடுத்து வைக்க வேண்டும்.