சீனிக்கும் அதே அட்டை

மிளகு, ராக்கெட், பூந்தி, வாலு, சீனி. இந்த ஐந்து நாய்க்குட்டிகளும் சூலூரில் யஷ்வந்த் வீட்டுத் தறிக்குடோனில் பிறந்தவை. பிறந்தபோது எல்லாரும் கொஞ்சினார்கள். கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் வம்பு வந்தது. தறி நிற்கும் நேரம் பார்த்து அடியில் புகுந்து நூலைக் கடித்து இழுத்தன.

யஷ்வந்தின் அப்பா பாலுசாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அடியில இருக்கறப்ப தறி ஓட ஆரம்பிச்சா உசுரே போயிரும் கண்ணு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஊடு பாரு. இல்லீனா சந்தைப்பக்கம் கொண்டுபோய் உட்டுப்போட்டு வந்துருவேன்."

சந்தையில் லாரியும் பஸ்ஸும் வந்துபோகும். இத்தனூண்டு குட்டிகள் அங்கே என்ன செய்யும்? யஷ்வந்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேராக அக்ஷிதா வீட்டுக்கு ஓடினான்.

அக்ஷிதா அவனோடு ஆறாம் வகுப்பில் படிப்பவள். பள்ளிக் கணினி மன்றத்தில் இணையப் பக்கம் செய்யக் கற்றிருந்தாள். கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் சோறு தண்ணீர் நினைப்பே அவளுக்கு வராது. அப்படி ஒரு கெட்டிக்காரி.

"ஒரு பக்கம் செய்யலாம் யஷ்வந்த். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு அட்டை. அதுல படம், பேரு, ஒரு பட்டன். பட்டனைத் தொட்டா உங்கப்பாவுக்குப் போன் போகும்."

"அஞ்சு குட்டிக்கும் அஞ்சு தடவை எழுதோணுமா? விடிஞ்சாப்பலதான்!"

"எதுக்கு? ஒருக்கா எழுதுனாப் போதும். பாரு."

அவள் ஓர் அட்டையை மட்டும் எழுதினாள். அதில் படத்துக்கு ஓர் இடம், பெயருக்கு ஓர் இடம் காலியாக விட்டாள். இப்படி ஒருமுறை செய்து பலமுறை பயன்படுத்தும் துண்டுக்குக் காம்போனென்ட் என்று பெயர். முறுக்கு அச்சு ஒன்றுதானே? அதை வைத்து எத்தனை முறுக்கு வேண்டுமானாலும் பிழியலாம். அது போலத்தான் இதுவும்.

மிளகின் படத்தையும் பெயரையும் கொடுத்தாள். திரையில் மிளகின் அட்டை வந்து நின்றது. ராக்கெட்டின் படத்தைக் கொடுத்தாள். பக்கத்திலேயே ராக்கெட் வந்து நின்றது.

"ஏயப்பா!" என்று வாயைப் பிளந்தான் யஷ்வந்த். உடனே அவனுக்கும் ஒரு யோசனை வந்தது. "எவ்ளோ வேகமா ஓடும்னு நட்சத்திரம் போடு. நாய்னா ஓட்டந்தான முக்கியம்?"

அக்ஷிதா அச்சில் ஒரு நட்சத்திர வரிசை சேர்த்தாள். ராக்கெட்டுக்கு ஐந்து, மிளகுக்கு நான்கு என்று யஷ்வந்த் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பூந்தி முடிந்தது, வாலு முடிந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

"சீனி?" என்று கேட்டாள் அக்ஷிதா.

"அதுக்குப் பின்னங்கால் இழுக்குதல்ல? ஓட்டமே கிடையாது. என்ன போடறது?"

சீனிக்கு அட்டை போட்டுப் பார்த்தாள். அழகான படம்தான். ஆனால் கீழே ஐந்து நட்சத்திரங்களும் வெறுமையாக இருந்தன. பார்க்கவே மனசு கஷ்டப்பட்டது.

"அதுக்கு மட்டும் தனியா வேற மாதிரி அட்டை செய்யி" என்றான் யஷ்வந்த்.

"வேண்டாம். தனியா வெச்சா எல்லாரும் ஐயோ பாவம்னு பாப்பாங்க." கன்னத்தில் கைவைத்து யோசித்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். "குட்டி மேல தப்பே இல்ல யஷ்வந்த். நம்ம அட்டைதான் தப்பு!"

அச்சைத் திறந்து நட்சத்திர வரிசையை அழித்தாள். அங்கே 'என்னைப் பற்றி ஒரு சேதி' என்று எழுதினாள். ஓர் இடத்தில்தான் மாற்றினாள். ஐந்து அட்டைகளிலும் நட்சத்திரங்கள் ஒரே நொடியில் மறைந்தன. தான் செய்ததைத் தானே நம்பாதவள் போல அக்ஷிதா கைதட்டிச் சிரித்தாள்.

இப்போது ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு சேதி வேண்டும். மறுநாள் காலை இருவரும் தறிக்குடோன் வாசலில் உட்கார்ந்து குட்டிகளைக் கவனித்தார்கள். மிளகு செருப்பைத் தூக்கிப் போய், செருப்பின் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்தது. பூந்தி சாம்பார் சோற்றைக் கண்டதும் எகிறிக் குதித்தது. சீனி சும்மா உட்கார்ந்திருந்தது.

அப்போது தறிகள் ஓடத் தொடங்கின. தடதட சத்தத்தில் பேசினால் காதில் விழாது. குட்டிகள் நான்கும் தலைதெறிக்கத் தெருவுக்கு ஓடின. சீனி மட்டும் ஒரு கொட்டாவி விட்டு, சாக்கின் மேல் தலைவைத்துத் தூங்கிப்போனது.

"ஓட முடியாம தினமும் இங்கயே கெடந்து, சத்தம் பழகிப்போச்சாட்ட இருக்குது!" என்று கத்தினான் யஷ்வந்த்.

அக்ஷிதா வீட்டுக்கு வந்து சீனியின் அட்டையில் எழுதினாள்: 'எனக்கு ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். தறி ஓடினாலும் பயப்படாமல் தூங்குவேன்.'

"காலைப் பத்தி எழுதாத. யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றான் யஷ்வந்த்.

"எழுதத்தான் வேணும். கூட்டிட்டுப் போனவங்க, அப்பறமாப் பாத்துட்டுத் திருப்பிக் கொண்டாந்து உட்டாங்கன்னா சீனிக்கு எப்படி இருக்கும்?"

யஷ்வந்த் மற்ற நான்கு குட்டிகளின் சேதிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்ஷிதா எழுதி முடித்தாள்.

பக்கத்தின் இணைப்பு வாட்ஸப்பில் தெருத் தெருவாகப் போனது. அன்று மாலையே மிளகுக்கு வீடு கிடைத்தது. ராக்கெட், பூந்தி, வாலு என்று ஒவ்வொன்றாகப் போயின. ஞாயிற்றுக்கிழமை மதியம் சீனி மட்டும் மிச்சம். பாலுசாமி வண்டிச் சாவியை எடுத்தார். அக்ஷிதா சீனியை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

பாலுசாமியின் போன் அடித்தது. அவர் எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஏனுங்க, பல்லடத்துல இருந்து சாமியாத்தாள் பேசறேனுங்க. தறிச் சத்தத்துக்குப் பயப்படாத குட்டி இருக்குதுங்களா? எங்கூட்டுலயும் தறிதானுங்க. கொண்டாந்த நாயெல்லாம் சத்தம் தாங்காம ஓடிப்போச்சுங்க."

"இருக்குதுங்க. ஆனா கால் கொஞ்சம்..." என்று இழுத்தார் பாலுசாமி.

"அதைத்தான் மறைக்காம எழுதியிருக்குதுங்களே! படிச்சுப்போட்டுத்தானுங்க கூப்பிடறேன். இருங்க, இப்பவே வாரேன்."

சொன்னபடியே வந்தார். சீனியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இழுக்கும் காலை மெதுவாகத் தடவிக் கொடுத்தார். சீனி அவர் விரலை நக்கியது. பாலுசாமி சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "அம்மணி, உனக்கு எம்புட்டு அறிவு!" என்று அக்ஷிதாவின் தலையைத் தடவினார்.

அக்ஷிதா வீட்டுக்கு ஓடிப்போய்க் கணினியைத் திறந்தாள். சீனியின் அட்டையிலும் 'வீடு கிடைத்துவிட்டது' என்று போட்டாள். திரையில் ஐந்து அட்டைகளும் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். எது சீனியின் அட்டை என்று தூரத்திலிருந்து பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது.