ஊற்று எந்த ஊர்?

“உன் ரொட்டிய எடுத்துட்டுப் போடி. எங்கிருந்தோ வந்தவங்க மொழி எங்க ஊற்றம்மாவுக்குப் புரியாது.”

நேசா நகரின் கீழ்த்தெரு முழுக்கக் கேட்கும்படி, ஊற்றுக்குப் பூசை செய்யும் தக்கிதுப் பெரியம்மா கத்தினார். அதையும் ரொட்டியோடு நின்ற சிறுமி ஹடாலாவின் மொழியில்தான் கத்தினார். தன் சொந்த ஹட்டி மொழியில் திட்டியிருந்தால் அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பாதி புரிந்திருக்காது. வசவு வீணாகலாமா?

அன்று ஊற்றுத் திருநாள். ஊற்றுக்கு ரொட்டி வைக்காத வீடு அந்த ஆண்டு முழுக்கக் கடைசியில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஹடாலாவின் அம்மா கைக்குழந்தையோடு படுத்திருந்தார். அதனால் ரொட்டி சுட்டவளும் சுமந்து வந்தவளும் ஹடாலாதான். ஒரு பக்கம் கருகியிருந்தது. அதை அடிப்பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தாள்.

“நீங்க எந்த ஊரு? சொல்லு பாப்போம்,” என்றார் தக்கிது.

பாவம், அவள் எதைச் சொல்வாள்? அவர்கள் வீட்டிலேயே மூன்று கதைகள். வடக்குக் கடலுக்கு அப்பால் குதிரை மேயும் புல்வெளியிலிருந்து வந்தோம் என்பார் மாமா. இல்லை, கிழக்கு மலையிலிருந்து என்பார் அப்பா. முதல் கோதுமை விதைத்த நாளிலிருந்தே இங்கேதான் என்பார் சித்தப்பா. சாப்பாட்டு நேரத்தில் இந்தச் சண்டை நான்கு வீடு தாண்டி எங்கள் வீட்டுக்கும் கேட்கும். நான் ஒட்டுக்கேட்டதில்லை, அதுவாகவே காதில் விழும்.

“எனக்குத் தெரியாது பெரியம்மா,” என்றாள் ஹடாலா. “இந்தத் தண்ணி எங்கிருந்து வருது?”

“கீழருந்து வருது.”

“கீழ, எங்கருந்து?”

தக்கிது மண்ணைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள்.

“தெரியாமத்தானே குடிக்கிறோம்? நான் போக மாட்டேன்.” ஹடாலா ரொட்டியைக் கல்மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

தக்கிது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுப் பாட்டைத் தொடங்கினார். ஊற்றுக்குப் படைக்கும் தேனை ஊற்றி முடிக்கும்வரை பாட்டு நிற்கக் கூடாது. நின்றால் ஊற்றம்மா கோபித்துக்கொள்வாள். எல்லா வீட்டு ரொட்டியும் வீண். ஆனால் காலையிலிருந்து கத்திய தொண்டை சும்மா இருக்குமா? பாதியில் கட்டிக்கொண்டது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பாட்டு வேறு யாருக்கும் தெரியாது.

ஹடாலா நினைத்திருந்தால் வேடிக்கை பார்த்திருக்கலாம். நானாக இருந்தால் பார்த்திருப்பேன். அவளோ தம்பிக்குப் பாடும் தாலாட்டை எடுத்துவிட்டாள், தன் மொழியில், தெருக்கோடிவரை கேட்கும்படி. பாடிக்கொண்டே தேன் குடத்தைத் தக்கிதுவின் கையில் கொடுத்தாள். அவர் முறைத்தார். முறைத்துக்கொண்டே ஊற்றினார்.

ஊற்று எப்போதும்போலக் குபுகுபுவென்று வந்தது.

“ஊற்றம்மாவுக்குப் புரிஞ்சிருக்குமா?” என்று கரகரத்தார் தக்கிது.

“நீங்களே கேட்டுப் பாருங்க.”

மறு ஆண்டிலிருந்து இரண்டு மொழியிலும் பாட்டு. தண்ணீர் வரிசையில் ஹடாலா வீட்டுக் குடம் தக்கிதுவின் குடத்துக்கு அடுத்தே நின்றது.

வளர்ந்ததும் ஹடாலா தக்கிதுவின் மகனையே கட்டிக்கொண்டாள். தக்கிதுவையும் கூட்டிக்கொண்டு ஹட்டூசா நகருக்குக் குடிபோனார்கள். அங்கே பேரனைத் தூங்கவைக்கத் தக்கிது பாடுவது அதே தாலாட்டுதானாம். ஏனென்று கேட்டால், “வேற பாட்டு அவனுக்குப் புரியலையே,” என்கிறாராம்.