ஆளில்லாத ஊட்டி

அன்று காலை மாமியாரின் இருமல் கேட்கவில்லை. பதினோரு வருஷமாகத் தெய்வநாயகியைத் தினமும் எழுப்பிவிட்ட இருமல் அது. சனியன் ஒரு நாளாவது ஓய்ந்ததே என்று வேப்பிலைப் படுக்கையில் புரண்டு படுத்தாள்.

அம்மை கண்டு ஆறாவது நாள். தறிக்கூடத்துக்குப் பின்னால், நூல் மூட்டை போடும் அறையில் அவளை விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். முதல் நாளே மாமியார் சின்னபொண்ணு கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"அம்மா வந்துகீறா. தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது. கத்திரியை மட்டும் தொட்றாத. அம்மா இருக்கிற வூட்ல எதை வெட்னாலும் உசுரை வெட்ன மாதிரி."

தறிக்கு மட்டும் அம்மாவும் கிடையாது, ஆத்தாளும் கிடையாது. புருஷன் வீரபாகு விடிந்ததிலிருந்து தறி அடித்துக்கொண்டுதான் இருந்தான்.

போன மாதம் குடும்பமே ஊட்டிக்குப் போனது, இவளைத் தவிர. முகூர்த்தப் பட்டு பாதியில் நிற்கிறது, நீ இருந்து முடி என்றுவிட்டான். அந்தப் படங்கள் இப்போதுதான் கழுவி வந்திருந்தன. அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று நேற்று ஏழு வயது மகள் திலகா ஒவ்வொன்றாகக் கதவடியில் தள்ளினாள். கதவிடுக்கில் மருதாணி போட்ட அந்தச் சின்ன விரல்கள் மட்டும் தெரிந்தன. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தெய்வநாயகி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுல மட்டும் நான் ஒளிஞ்சிகினு கீறேன். கண்டுபுடிம்மா."

எங்கே தேடினாள்? மலை, ஏரி, மூடுபனி என்று எதை எடுத்தாலும் நடுவில் மாமியார் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். வயிறு எரிந்தது. மூலையில் நூல் நறுக்கும் கத்திரி கிடந்தது. மாமியாரைச் சுற்றி வெட்டி எறிந்தாள். மிச்சமிருந்த மலைகளைப் பழைய டிசைன் அட்டையில் கஞ்சி தடவி ஒட்டினாள். தானும் மகளும் மட்டும் போகும் ஓர் ஊட்டி.

இன்று வீரபாகுவின் முறை. ஏரிக்கரையில் கூலிங்கிளாஸ் போட்டு நின்றவனைக் கத்திரி சுற்றி வந்தது. கழுத்தைத் தாண்டி, தோளைத் தாண்டி, கடைசி நறுக்கு.

தறிச் சத்தம் நின்றது.

மதியச் சாப்பாடு வரவில்லை. வேப்பிலை வாசனையும் கஞ்சிப் புளிப்பும் மட்டும் அறையை அடைத்துக்கொண்டு நிற்க, காலையிலிருந்து கேட்காத இருமலும், இப்போது கேட்காத தறியும், கையிலிருந்த கத்திரியும் அவளுக்கு ஒரே நேரத்தில் விளங்கின.

திலகா!

மகள் இருக்கும் படங்களைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். பதறிப்போய்ப் புரட்டினாள். ஒன்றுகூடக் கத்திரி படவில்லை. எல்லாம் முழுசு. போன உயிர் திரும்பி வந்தது.

பிறகுதான் அட்டையைப் பார்த்தாள். நடுவில் ஒரு தைல மரம். அழகாக இருக்கிறதே என்று, சற்றுமுன் பட்டை ஓரமாகவே நறுக்கி ஒட்டியது. மரத்தைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தபடி, பட்டையின் மேல் நான்கு சின்ன விரல்கள்.

"திலகா! கண்ணு!"



கதவடியில் ஏதோ உரசியது. இடுக்கு வழியாக விரல்கள் வந்தன. அதே நகம். அதே மருதாணி. அம்மையாவது ஒன்றாவது, பாய்ந்து பிடித்தாள். சூடாக இருந்தன. அவள் கையை இறுக்கின.

அழுதுகொண்டே தன் பக்கம் இழுத்தாள்.

வந்தன. நான்கும். விரல்கள் மட்டும்.

பிடியை விடவே இல்லை.