மூன்றாவது பேரிங்

அன்று மதியம் மூன்றாவது பேரிங் கத்தவில்லை.

பந்தல்குடி ரோட்டில் இருந்த தன் ஜின்னிங் மில்லுக்குள் நுழையும்போதே சௌந்தரபாண்டியனுக்கு அது உறைத்தது. அறுபத்தேழாம் வருசத்துப் பருத்திச் சீசன் தொடங்கிய நாளிலிருந்து, தரைக்கு அடியில் நீளமாக ஓடும் குழியில் சுழலும் ஷாஃப்ட்டைத் தாங்கிய அந்தப் பேரிங், எண்ணெய் வறண்டு, மிதிபட்ட பூனை மாதிரி கதறிக்கொண்டே இருந்தது. இப்போதும் இன்ஜின் ஓடுகிறது, பெல்ட்டுகள் குழியை மூடிய பலகைகளின் இடுக்குகளில் சரசரவென ஏறி இறங்குகின்றன, ஓட்டுக்கூரை வழியே விழும் வெயில் கீற்றுகளில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. கீழே மட்டும் சத்தம் இல்லை.

“எண்ணெய் ஊத்துனியாலே?” என்று ஃபிட்டர் மாரிச்சாமியைக் கேட்டார்.

“இல்ல முதலாளி. ஓடுறப்ப குழிக்குள்ள எறங்க மாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்ல.”

போன மாதம் அவன் அந்தப் பேரிங்கைக் கழற்றிப் புதுசு போட மில்லை இரண்டு நாள் நிறுத்தச் சொன்னான். முற்றம் முழுக்கப் பருத்தி குவிந்து கிடக்கும்போது நிறுத்துவதா என்று சௌந்தரபாண்டியன் எரிந்து விழுந்தார். பருத்தி அள்ளிப் போடும் வெள்ளைத்தாயைக் கூப்பிட்டு, ஓட ஓடவே எண்ணெய் விட்டு வரும்படி குழிக்குள் அனுப்பினார். அவள் கூந்தல் ஷாஃப்ட்டில் சிக்கியது. அலறல் கேட்டதும் அவர் முதலில் பார்த்தது பெல்ட்டு அறுந்துவிட்டதா என்றுதான். சாயங்காலமே ஷாஃப்ட்டைக் கழுவிவிட்டு மில்லை ஓட்டினார். “வேலை நேரத்துல உள்ள போயித் தூங்கியிருக்கா,” என்று அவள் புருஷன் பால்சாமியிடம் சொன்னார். பேரிங்கை மாற்றவில்லை.

“எவன் ஊத்துனா என்ன, ஓடுதுல்ல,” என்று போய் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. பலகை இடுக்குகளிலிருந்து ஒரு வாடை வந்தது. கருகிய எண்ணெய் இல்லை, வெயிலில் வேலை செய்த பெண்ணின் தலை வாடை, வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்து, வெதுவெதுப்பாக. பிறகு யாரோ இருமினார்கள். தொண்டையில் பஞ்சு அடைத்த, வறண்ட இருமல். கீழேயிருந்து.

வேலை செய்துகொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. குருவம்மாள் எழுந்தாள்.

“அது வெள்ளைத்தாய் இருமல். என் பக்கத்துலயே உக்காந்து இருமுவா முதலாளி, எனக்குத் தெரியாதா?”

“வாயை மூடிட்டு வேலையைப் பாரு.”

அவள் சேலையில் ஒட்டிய பஞ்சை உதறிவிட்டு வெளியே போனாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள்.

“நிறுத்திருவோம் முதலாளி,” என்றான் மாரிச்சாமி.

“நிறுத்து. பால்சாமிதான் உள்ள ஒளிஞ்சு கெடந்து வேலை காட்டுறான். இழுத்துட்டு வாரேன்.”

இன்ஜின் இரண்டு முறை செருமி அடங்கியது. ஏணியில் இறங்கினார். பலகை இடுக்கு வெளிச்சம் குழிக்குள் கோடுகோடாக விழுந்திருந்தது. வியர்த்த கழுத்தில் பஞ்சு வந்து ஒட்டியது. வறண்ட பேரிங் பிடித்து இழுப்பதால் வழக்கமாக இன்ஜின் நின்றதுமே நின்றுவிடும் ஷாஃப்ட்டு, இன்று இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. வழுவழுவென்று. சத்தமே இல்லாமல்.

முதல் பேரிங். இரண்டாவது.

மூன்றாவதில், ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஏதோ சுற்றியது. வெளிச்சத்துக்கு எழும்பியது, இருட்டில் அமிழ்ந்தது. சாக்கு என்று நினைத்தார். சாக்குக்குக் கை இருந்தது. கையில் எண்ணெய்க் கேன். மேலே வரும்போதெல்லாம் அந்தக் கை கேனைச் சாய்த்து, ஒரு சொட்டு சிந்தாமல் பேரிங்குக்குள் ஊற்றியது. மறுபடி கீழே போனது. இறுகச் சுற்றிய கூந்தல் நெற்றித் தோலை மேலே இழுத்திருந்ததால் கண்களை மூட வழியில்லை. அவை ஒவ்வொரு சுற்றிலும் அவரைப் பார்த்தன.

சுற்று மெதுவானது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஷாஃப்ட்டு நின்றால் அவள் இறங்கிவிடுவாள்.

“மாரிச்சாமி! இன்ஜினைப் போடு!”

“என்னது முதலாளி?”

“ஓட்டுலே! நிறுத்தாத! ஓட்டு!”

“பெல்ட்டையே கழத்திட்டேன் முதலாளி. இனி ஒரு பயமும் இல்ல. நிதானமாப் பாத்துட்டு வாங்க.”

இன்னொரு சுற்று. அரைச் சுற்று. அவர் ஏணியைத் திரும்பிப் பார்த்தார், இரண்டு பேரிங் தள்ளி இருந்தது.

நின்றது.

கூந்தல் இழை இழையாகத் தளர்ந்தது. ஒரு பாதம் இறங்கி மண்ணைத் தடவியது. அடுத்த பாதம். எண்ணெய்க் கேன் பேரிங்கின் மேல் மெல்ல வைக்கப்பட்டது.

இரண்டு கைகளும் இப்போது காலியாக இருந்தன.