லாரஸுக்குப் பிடிக்காத கதை

சனிக்கிழமை காலை ஆறே முக்கால். ஜாவாத் தீவின் பாரே ஊரில், ஆங்கிலப் பயிற்சி விடுதி ஒன்றில், வேர்க்கடலைச் சட்னி சேர்த்த பெச்சல் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கூடத்திலிருந்து கேட்ட கூச்சலில் எழுந்து ஓடினார்கள்.

"மிஸ்! முடிவையே காணோம் மிஸ்! கொலைகாரன் யாருன்னு சொல்ற இடத்தை எவனோ உருவிட்டான்!"

கத்தியவன் பிராம். ஜகார்த்தாக் கல்லூரி மாணவன். அவன் கையில் இருந்தது ஆசிரியை பாலுப்பியின் சொந்தப் புத்தகம், கலங்கரை விளக்கம் ஒன்றில் நடக்கும் கொலையைப் பற்றிய ஆங்கிலத் துப்பறியும் நாவல். நூலால் தைத்த பழைய பதிப்பு. முதுகுப் பசை காய்ந்து எப்போதோ விட்டுப்போயிருந்தது.

பாலுப்பி வாங்கிப் புரட்டினாள். நூற்று அறுபதாம் பக்கம் ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றது. அடுத்த பக்கம் நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

"எங்க கிடந்துச்சு?"

"கிடக்கல மிஸ். அலமாரி உச்சியில, ஒரு கைக்குட்டையை விரிச்சு அதுமேல வச்சிருந்தாங்க."

மற்றப் புத்தகங்கள் வழக்கம்போலப் பாயில் இறைந்து கிடந்தன. பாலுப்பி பெருமூச்சு விட்டாள். இரண்டு வாரமாக இந்தப் பன்னிரண்டு பேருக்கும் புத்தக வகைகளைச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வற்றியிருந்தது. என்ன வகை பிடிக்கும் என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில், வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் புத்தகம் என்றார்கள். அந்த வகையில் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லு என்றால் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் அவளே ஆளுக்கொரு வகையைப் பிரித்துக் கொடுத்தாள். இன்று பத்து மணிக்கு ஒவ்வொருவரும் எழுந்து நின்று, படித்த வகையைப் பற்றியும் தன் விருப்பத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் பேச வேண்டும். பேசினால்தான் சான்றிதழ்.

துப்பறியும் கதை பிராமுக்கும் ஹனீஃபுக்கும் விழுந்திருந்தது. ஹனீஃப் ஏழு வருடம் பெசந்திரென் என்ற மார்க்கப் பள்ளி விடுதியில் தங்கி ஓதியவன். அதிகம் பேசாதவன். முதல் நாள் அவன் முறை வந்தபோது, "ஓதுற கிதாபுதான் மிஸ் பழக்கம். இப்படி மொத்தமா ஒரு புத்தகத்தைத் தூக்கிட்டுத் திரிஞ்சதில்ல" என்று சொல்ல, வகுப்பே சிரித்தது.

விடுதியின் உரிமையாளர் காதோத் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். ஒரு நிமிடம் புத்தகத்தைத் திருப்பினார். ஒரு நிமிடம் போதும் அவருக்கு.

"லாரஸ்."

வாசலருகே நின்ற பெண் நிமிர்ந்தாள். ஜாவாப் பேச்சு பேசும் நஞ்சுக் ஊர்க்காரி. காதல் கதை அவளுக்கு விழுந்த வகை.

"புதன்கிழமை வகுப்புல நீ என்ன சொன்ன? இந்த மாதிரிக் கதையோட கடைசியைக் கிழிச்சு எறியணும்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன் மிஸ்டர். ஆனா..."

"இங்க பாருங்க மிஸ், வரிக்குக் கீழ பென்சில்ல அர்த்தம் எழுதியிருக்கு. ஜாவாப் பேச்சுல. பிராம் ஜகார்த்தாப் பையன், அவனுக்கு ஜாவா ஒரு சொல் வராது. ஹனீஃப் பத்து மணிக்கு இதே புத்தகத்தைப் பத்திப் பேசணும், அவன் ஏன் உருவப் போறான்? மிச்சம் யாரு? ஒன்பது மணிக்கு சுரபாயா வேன் வருது. பையைக் கட்டு. சான்றிதழ் கிடையாது."

திங்கட்கிழமை சுரபாயாவில் ஓட்டல் வேலைக்கு லாரஸுக்கு நேர்காணல். சான்றிதழ் இல்லாமல் வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

"மிஸ்டர், வேன் வர்றதுக்குள்ள நான் கொஞ்சம் விசாரிக்கிறேன்" என்றாள் பாலுப்பி.

"விசாரிக்க என்ன இருக்கு? அதான் கண்டுபிடிச்சாச்சே!"

"நீங்க கண்டுபிடிக்கல. தேர்ந்தெடுத்தீங்க."

மணி ஏழரை. பெண்கள் அறையில் லாரஸ் துணிகளை மடிக்காமல் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ராத்திரி எங்க இருந்த?"

"துணி துவைச்சேன். அப்புறம் தூங்கினேன்."

"உருவினியா?"

"நீங்களுமா மிஸ்? எனக்குக் கோபம் வந்தா கிழிச்சிருப்பேன். கைக்குட்டையை விரிச்சுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அலமாரி மேல ஏத்தி உக்கார வச்சிருக்க மாட்டேன்."

பாலுப்பி வெளியே வந்தாள்.

பிராம் காப்பி உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"புத்தகத்தைக் கடைசியா எப்ப பார்த்த?"

"நேத்து ராத்திரி எட்டு மணி மிஸ். பாயில கவுத்துப் போட்டுட்டுக் காப்பி குடிக்கப் போனேன். காலையிலதான் தேடினேன்."

"அப்ப முழுசா இருந்துச்சா?"

"முழுசா இருந்துச்சு."

"எவ்வளவு படிச்சிருக்க?"

"ரெண்டு தடவை முடிச்சிட்டேன் மிஸ். இந்த வகைன்னா எனக்கு உயிரு. அந்தப் பொண்ணுக்கு இதோட ருசி என்ன தெரியும்?"

ஹனீஃப் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது.

"நீ முடிச்சிட்டியா தம்பி?"

"இல்ல மிஸ். புதன், வியாழன் ரெண்டு நாள் படிச்சேன். அப்புறம் பிராம் வாங்கிக்கிட்டான்."

"எந்த இடத்துல நிக்கிற?"

"விளக்கு அணையற இடம் மிஸ்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

பாலுப்பி கூடத்துக்குத் திரும்பி, பாயில் சாய்ந்து, நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். வெளியே சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின. காதோத் இரண்டு முறை எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவள் தலை நிமிரவில்லை. கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தாள். பிறகு நூற்று அறுபதுக்கு முந்திய பக்கங்களைத் திருப்பி, பென்சில் எழுத்துகளைப் பார்த்தாள். ஓரத்தில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் அதன் அர்த்தம் சாய்வாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டே முக்காலுக்கு எல்லோரையும் கூப்பிட்டாள்.

"பிராம், காலையில என்னன்னு கத்தின?"

"முடிவைக் காணோம்னு."

"முடிவு இங்கேதான் இருக்கு. கொலைகாரன் பேரு இருநூத்தி அஞ்சாம் பக்கத்துல அச்சாயிருக்கு. போனது நடுவுல முப்பத்திரண்டு பக்கம். ரெண்டு தடவை முடிச்சவனுக்கு இது தெரியாதா?"

பிராம் புத்தகத்தை எட்டிப் பார்த்தான்.

"எத்தனை பக்கம் படிச்ச? உண்மையைச் சொல்லு."

"நாப்பது, மிஸ். மிச்சத்தை இணையத்துல சுருக்கமா..."

"அப்ப இவன்தான்!" என்று காதோத் பாய்ந்தார்.

"உக்காருங்க மிஸ்டர். இவன் பொய் சொன்னான், பக்கத்தை எடுக்கல. நீங்களும் புத்தகத்தைப் புரட்டினீங்க. இல்லாததைத்தான் பார்த்தீங்க, மிச்சம் இருக்கறதைப் படிக்கல. முடிவைப் பிடிக்காத ஒருத்தி முடிவை விட்டுட்டு நடுவை ஏன் எடுக்கணும்? அதுவும் ஒரு வாக்கியத்தோட பாதியில?" பாலுப்பி புத்தகத்தின் முதுகை விரித்துக் காட்டினாள். "கிழிசல் எங்கயாவது இருக்கா? ஒரு தையல் நூலை மட்டும் நறுக்கி, ஒரு தாள்கட்டை அப்படியே உருவியிருக்கு. இதை எடுத்தவங்களுக்குப் புத்தகம்னா அட்டைக்குள்ள பூட்டி வச்ச ஒண்ணு இல்ல. அன்னிக்கு ஓத வேண்டிய கட்டை மட்டும் கையில எடுத்துட்டுப் போய், மிச்சத்தை அடுத்தவனுக்கு விட்டுட்டுப் போற பொருள். நம்ம பக்கத்துப் பெசந்திரென்கள்ல மஞ்சள் தாள் கிதாபு தைக்காமத்தான் வரும். அதுல அர்த்தத்தை ஓரத்துல எழுத மாட்டாங்க. சொல்லுக்கு அடியில சாய்ச்சுத் தொங்க விடுவாங்க. தரையில கவுந்து கிடக்கற புத்தகத்தைப் பார்த்தா மனசு பொறுக்காது, துணியை விரிச்சு உசரத்துல வைப்பாங்க."

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

"பென்சில் நூத்தி அறுபதுல நின்னுருச்சு, ஹனீஃப். விளக்கு அணையறது அதுக்கப்புறம், காணாமப் போன கட்டுக்குள்ள. நேத்து ராத்திரிதான் நீ அதைப் படிச்சிருக்க முடியும்."

ஹனீஃப் சட்டைக்குள் கை விட்டான். பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றிய தாள்கட்டு வெளியே வந்தது. ஒரு முனைகூட மடங்கவில்லை.

"பிராமுக்கும் வேணும்னுதான் மிஸ், எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்தேன். படிச்சிட்டு வச்சுத் தச்சிடலாம்னு... காலையில மிஸ்டர் போட்ட சத்தத்துல..."

"சத்தத்துல?"

"பயந்துட்டேன்."

"எடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஒரு பொண்ணு பையைக் கட்டற வரைக்கும் கிணத்தடியில உக்காந்து பார்த்துட்டிருந்தியே, ஓதினதெல்லாம் எங்க போச்சு?"

ஹனீஃப் அழுதான்.

"அப்ப வேன்ல இவனை ஏத்துங்க" என்றார் காதோத்.

"மிஸ்டர், யாரையாவது வேன்ல ஏத்தலேன்னா உங்களுக்குச் சோறு இறங்காதா? வேனைத் திருப்பி அனுப்புங்க."

பத்து மணிக்குப் பேச்சு தொடங்கியது. காதோத் பின்வரிசையில் மதிப்பெண் போட உட்கார்ந்தார். பிராம் நாற்பது பக்கத்தைப் பற்றி நான்கு நிமிடம் பேசினான். ஹனீஃபின் குரல் முதல் வரிசைக்கே எட்டவில்லை. கலங்கரை விளக்கத்தில் விளக்கு அணைந்ததும் யார் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் ஒரு சொல் விடாமல் சொன்னான்.

அடுத்து லாரஸ். காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. அவள் ஆங்கிலம் தட்டுத் தடுமாறியது. இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றையொன்று முட்டின. ஆனாலும் பேசினாள்.

எனக்குப் பிடித்தது காதல் கதை என்றாள். பிடிக்காதது துப்பறியும் கதை. ஏன் என்று புதன்கிழமை யாரும் என்னைக் கேட்கவில்லை. என் அக்கா வீட்டில் அந்த வகைக் கதை பதினைந்து படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் மூன்று நான்கு பேரைச் சந்தேகப்படுகிறார்கள். பெட்டியைத் திறக்கிறார்கள், நேற்று எங்கே இருந்தாய் என்று கேட்கிறார்கள். அப்புறம் துப்பறிகிறவர் எழுந்து நின்று அழகாக விளக்குகிறார். எல்லோரும் குற்றவாளியைப் பார்க்கிறார்கள், துப்பறிகிறவரைப் பார்க்கிறார்கள். மற்றவர்களை யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் எப்படி வீட்டுக்குப் போனார்கள், அன்றைக்குச் சாப்பிட்டார்களா, எதுவும் எழுதுவதில்லை. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதனால் கடைசிப் பக்கம் எனக்குக் கோபம் தருகிறது.

பேச்சு அவ்வளவுதான். ஆனால் அவள் தன் இடத்துக்குத் திரும்பவில்லை.

பாலுப்பியின் சிவப்புப் பேனா தாளில் ஒரு புள்ளி வைத்து அப்படியே நின்றிருந்தது. பிராமின் பொய்யைப் பிடித்தாயிற்று. ஹனீஃபைக் கண்டித்தாயிற்று. காதோத்தின் மூக்கையும் உடைத்தாயிற்று. காலையிலிருந்து அவள் லாரஸிடம் கேட்டது இரண்டே கேள்வி, அதில் ஒன்று, 'உருவினியா?'

அவள் எழுந்தாள்.

"என்னை மன்னிச்சிரு லாரஸ். உன்கிட்ட வந்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்."

லாரஸ் தலையசைத்தாள். அப்புறம் பின்வரிசையைப் பார்த்தாள். வகுப்பும் திரும்பிப் பார்த்தது. காதோத் மதிப்பெண் தாளைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். பின்பக்கத்தில் எதுவும் அச்சாகியிருக்கவில்லை. லாரஸ் அவசரப்படவில்லை.

வெகுநேரம் கழித்து, பின்வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.