திரிகூடத்தின் நாலாவது உச்சி

இறங்குகிறவனின் உயரம் கூடிக்கொண்டிருந்தது. தொள்ளாயிரத்துப் பத்து மீட்டர் என்ற கணினித்திரை, அடுத்த புள்ளிக்குத் தொள்ளாயிரத்து நாற்பது என்றது. கருவி நனைந்திருக்கும், சனியன், என்று உமா மகேஸ்வரி அதன்மேல் பழியைப் போட்டாள்.

மலையை அளந்து படம் போடுவது அவளும் புருஷன் முத்துகுமரனும் சேர்ந்து பார்க்கிற வேலை. அவன் குற்றால மலையில், இடத்தையும் உயரத்தையும் பதிகிற கருவியோடு நடப்பான். அது அனுப்புகிற புள்ளிகளைக் கோர்த்து, தென்காசி வீட்டு மாடியறையில் இருந்தபடி அவள் உயரக்கோடுகள் வரைவாள். இன்று மத்தியானமே மேகம் இறங்கிவிட்டது. தன் காலே தெரியாமல் நிற்கிறவனுக்குச் செல்போனில் வழிசொல்லி, இருட்டுமுன் தரைக்குக் கொண்டுவர வேண்டும். ஓரடி தப்பினால் பள்ளம்.

"அத்தான், எறங்கத்தான செய்யுதீங்க?"

"எறங்கிட்டுதாம்ட்டி இருக்கேன். முட்டு ரெண்டும் கடுக்குது."

ஆயிரத்து நூறு. சன்னல் வழியே சாரல்காற்று எப்போதும் கொண்டுவரும் ஈரமண் வாசனை போய், பாசி பிடித்த பாறையின் வாசனை அறைக்குள் வந்து நிறைந்தது; அதன் பின்னாலேயே அருவி விழுகிற சத்தமும் வந்தது. அருவிச் சத்தம் இந்தத் தெருவில் கேட்காது.

மூன்று உச்சி இருப்பதால்தான் குற்றால மலைக்குத் திரிகூடமலை என்று பேர். படத்தில் நாலாவது ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. செங்குத்தான இடத்தில் மட்டும் நெருங்குகிற கோடுகள், அடிவாரத்து இலஞ்சி வயல்களின் மேல் நெருங்கின. அப்புறம் ரோட்டின் மேல். அப்புறம் அவர்கள் தெருவில். ஐந்து நிமிஷத்தில் ஐந்து கிலோமீட்டர். மனுஷன் நடக்கிற வேகமில்லை அது.

"நில்லுங்க அத்தான். நடக்காதீங்க."

"நீதான நடக்கச் சொல்லிட்டே இருக்கே?"

உயரம் கூடத் தொடங்கியதிலிருந்து அவள் வழியே சொல்லவில்லை.

ஆயிரத்து அறுநூறு. கடைசிப் புள்ளி இந்த வீட்டின் மேல் விழுந்தது. மொட்டைமாடியில் காலடிச் சத்தம். வலிக்கிற முட்டோடு இழுத்து நடக்கிற சத்தம்.

போனோடு படியேறி ஓடினாள். கதவைத் திறந்தாள்.

மேகம். கொடியில் காலையில் அவள் காயப்போட்ட சேலை. அதற்கப்பால் கைப்பிடிச்சுவரின் மேல், முதுகு காட்டி அவன். சுவருக்கு அந்தப் பக்கம் தெரு இல்லை. வெகு ஆழத்தில், சின்னதாக, மூன்று உச்சிகள்.

"அடுத்து எந்தப் பக்கம், உமா?"

அவள் வாய் திறக்குமுன், கையிலிருந்த போனுக்குள் அவள் குரல் நிதானமாகச் சொன்னது.

"நேரா எறங்குங்க அத்தான்."

அவன் காலைத் தூக்கினான்.